கும் மாட்டிய பிரேக்

என் புருஷன் வுக்கோட்டாவைக் கேட்டால் எங்கள் கார் சத்தமே போடவில்லை என்பார். நியெகுஷி ஊரில் இருக்கிற ஆடு, மாடு, நாய் எல்லாவற்றுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. கோட்டோர் சந்தையில் எனக்குப் பக்கத்தில் அத்திப்பழம் விற்கிற தேசாவுக்கு ஒரு காது அடைப்பு. அவளுக்கும் கேட்டது. இவருக்கு மட்டும் கேட்கவில்லை. அந்தக் காரில் தினமும் மலையிறங்குகிறவள் நானல்லவா, அதனால் இருக்கும்.

முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஊரில் இதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ரொசாண்டா, அதாவது நான், கும்மை நடுரோட்டில் அவமானப்படுத்திவிட்டாளாம். காபிக் கடையில் உட்கார்ந்து பேசுகிற எவனும் அன்றைக்கு என் காரில் இல்லை.

எங்கள் பிழைப்பு பன்றித்தொடையும் சீஸும். தொடையை உப்புப் போட்டுப் புகையில் தொங்கவிடுவது, சீஸ் கட்டுவது எல்லாம் மேலே மலையில். விற்பது கீழே கடலோரத்தில், கோட்டோரில். நடுவில் இருக்கிற ரோடு உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன். மலையின் முகத்தில் மடித்து மடித்துப் போட்ட நாடா அது. ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் சுவர், அதற்கு அப்புறம் காற்று. சுற்றுலாக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி அதைப் படம் பிடிக்கிறார்கள். நான் பின் சீட்டு நிறைய சீஸ் ஏற்றிக்கொண்டு ஒரு பழைய கோல்ஃப் காரில் அதில் இறங்குகிறேன். எனக்குக் காரில் ரேடியோ வேண்டாம், ஹீட்டர் வேண்டாம், ஒரு கதவு திறக்காவிட்டாலும் போகட்டும். பிரேக் வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

வசந்தத்தில் பிரேக்கை மிதிக்கும்போது இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் வந்தது. சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. கோட்டோரில் புது பேட் ஒரு பெட்டி நானே வாங்கினேன். மெக்கானிக் ட்ரிப்போவிடம் விட்டால் அரைப் பொழுதில் மாட்டிவிடுவான். அதை இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கும் மாஷான் வந்திருந்த அன்று சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிட்டார்.

மாஷான் எங்கள் கும்; இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் கும் என்றே கூப்பிடுவோம், பெண் என்றால் குமா. எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர். மகள் நேடாவுக்கு ஞானஸ்நானம் செய்தபோது அவளைக் கையில் ஏந்தியவர். அவர் அப்பா என் மாமனாருக்குக் கும். எங்கள் பக்கத்தில் அண்ணனோடு கட்டிப் புரண்டு சண்டை போடலாம், மாமனாரோடு கோர்ட்டுக்குப் போகலாம், பாதிரியாரைக் கூட வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை போய் நிற்கலாம். கும்மிடம் மட்டும் 'இல்லை' என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு வார்த்தை இருப்பதே கும்முக்கு முன்னால் ஆண்களுக்கு மறந்துபோகும்.

மாஷான் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நான் உயிரோட இருக்கும்போது என் கும் வீட்டுக் காரு கூலிக்கு வேலை பார்க்கிறவன் கைக்குப் போகுமா?" என்றார்.

"அதுக்கில்ல கும், உங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்றேன் நான்.

"ராணுவத்துல லாரிக்கே நான்தான் பிரேக் மாட்டினேன், குமா. இது என்ன, தையல் மிஷின்."

வுக்கோட்டா என்னைப் பார்க்கவே இல்லை. திராட்சைச் சாராயத்தை எடுத்து அவருக்கு ஊற்றினார். அத்தோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் காரை ஜாக்கியில் தூக்கினார்கள். ஒரு கிளாஸ், ஒரு சக்கரம். இன்னொரு கிளாஸ், இன்னொரு சக்கரம். பேட்டை அழுத்துகிற கேலிபரைக் கழற்றி அப்படியே பிரேக் ஹோஸில் தொங்கவிட்டார் மாஷான். "கம்பியில கட்டித் தொங்கவிடுங்க கும், ஹோஸ் பிஞ்சுடும்," என்றேன். ட்ரிப்போ அப்படித்தான் செய்வான், பார்த்திருக்கிறேன்.

"குமா, நீ போய் சீஸை நறுக்கு," என்றார்.

சீஸை நறுக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேட் உட்காருகிற இடம் முழுக்கத் துரு. அதைத் தேய்த்து எடுக்கவில்லை. புது பேட் உள்ளே போகவில்லை. சுத்தியலை எடுத்து இரண்டு போடு போட்டார், போய்விட்டது. "பாத்தியா, சிக்குனு உக்காந்துடுச்சு," என்று வுக்கோட்டாவிடம் சொன்னார். வுக்கோட்டாவும் தலையாட்டினார்.

எல்லாம் முடிந்த பிறகு பெட்டியில் ஒரு சின்னப் பை மிச்சம். உள்ளே மெல்லிய எஃகு கிளிப்புகள், பேட்டுக்குப் பின்னால் வைக்கிற தகடுகள், பொட்டலத்தில் கொஞ்சம் கிரீஸ்.

"இது எதுக்கு கும்?"

"அது ஜெர்மன்காரனுக்கு."

"காரே ஜெர்மன் காருதானே?"

"காரு ஜெர்மன். ரோடு நம்ம ரோடு. அவனுக்கு உக்கார்ற சீட்டுக்கே சூடு வேணும், பிரேக்குக்கும் மெத்தை வேணும். நமக்கு எதுக்கு அதெல்லாம்?"

இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நான் அந்தப் பையை எடுத்துக் காரின் டாஷ்போர்டு டப்பாவுக்குள் போட்டேன். ஏன் என்று தெரியாது. தூக்கி எறிய மனசு வரவில்லை.

திங்கட்கிழமை முதல் வளைவிலேயே ஆரம்பித்தது. எங்கள் ஊரில் குளிர்காலத்தில் பன்றி அறுக்கிற காலையில் ஒரு சத்தம் எழும். அதேதான், காரின் அடியிலிருந்து. ஒவ்வொரு வளைவிலும். குறுகலான இடங்களில் எதிரே வருகிற பஸ்காரன் என்னைப் பார்ப்பதற்கு முன்பே ஒதுங்கி நின்றான். சுற்றுலா வந்த பெண் ஒருத்தி குழந்தையின் காதைப் பொத்தினாள். சந்தைக்குப் போனால் தேசா, "நீ வர்றது மேலேயே தெரிஞ்சுபோச்சு ரொசாண்டா, காபி போட்டு வச்சுட்டேன்," என்றாள். அது கூடப் பரவாயில்லை. வாடிக்கையாக வருகிற ஒரு வக்கீல் கடையில் தொங்கிய பன்றித்தொடையைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் சாகலையா?" என்றான். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது வரைக்கும் எரிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"புது பேட் பாடத்தான் செய்யும்," என்றார் வுக்கோட்டா. "பழகிடும்."

"யாருக்கு? பேட்டுக்கா, எனக்கா?"

"கும் சொன்னாரு. சத்தம் வருதுன்னா நல்லாப் பிடிக்குதுன்னு அர்த்தமாம்."

என் புருஷன் நல்லவர். குடித்துவிட்டு உளற மாட்டார், கை ஓங்க மாட்டார். ஆனால் எதையும் பூசி மெழுகுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. மழை ஒழுகினால் 'காத்து அந்தப் பக்கம் அடிக்குது' என்பார். பேட் பழகவில்லை. செர்ரி பழுத்தது, செர்ரி தீர்ந்தது, பேட் பழகவில்லை.

"நான் ட்ரிப்போகிட்ட கொண்டு போறேன்," என்றேன் ஒரு நாள்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அவன் சக்கரத்தைக் கழட்டினா சாயங்காலமே ஊருக்கெல்லாம் தெரியும். கும் மூஞ்சியில காறித் துப்பின மாதிரி ஆயிடும்."

"நான் சுவரைத் தாண்டிக் கடல்ல போய் விழுந்தா அது பரவாயில்லையா?"

"ஏன் இப்படி அபசகுனமாப் பேசற? பிரேக் பிடிக்குதில்ல?"

பிடித்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், பிடிக்கத்தான் செய்தது. ஆனாலும் அவரிடம் கேட்காமலே ட்ரிப்போவின் பட்டறைக்குக் காரை விட்டேன். அவன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். கோட்டோரில் அவனைப் போல வாயாடி கிடையாது. அன்றைக்கு என்னமோ அவனுக்கும் வாய் அடைத்துப்போயிற்று.

"யாரு மாட்டினது அக்கா?"

"எங்க கும் மாஷான்."

"அப்ப வுக்கோட்டாவை வரச் சொல்லு. இல்லாட்டி போன்லயாவது ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. கும் மாட்டினதை நான் கழட்டி, நாளைக்கு உங்க ரெண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லாமப் போனா, ட்ரிப்போதான் பிரிச்சுட்டான்னு என் தலையில விழும். எனக்கு வேண்டாம் அக்கா."

"நான் சொன்னாப் போதாதா? ஓட்டறது நானு."

"போதாதுக்கா," என்றான். அவனுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்பானரைக் கையில் எடுக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த மலையில் என் உயிர் இறங்குகிறது, என் காலடியில் இருக்கிற பிரேக், நான் வாங்கின பேட். அதைக் கழற்ற என் வாய் வார்த்தை செல்லாது. வுக்கோட்டா ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைதான் அவர் வாயிலிருந்து வராது. ராத்திரி சாப்பாட்டில் கேட்டேன். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்றும் கேட்டேன். நேடா தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

சத்தத்தைப் பற்றிக் காபிக் கடையில் யாரோ மாஷானிடம் கிண்டலாகக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தேவாலயத்துக்குப் போய்விட்டு வரும்போது முற்றத்தில் கார் ஜாக்கியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மாஷான் கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சது குமா. ஓட்டிப் பாரு."

முற்றத்துக்குள்ளேயே கொஞ்சம் முன்னால் விட்டு மிதித்தேன். சத்தமே இல்லை. பூனை நடக்கிற மாதிரி நின்றது.

"என்ன செஞ்சீங்க?"

"ராணுவ ரகசியம்," என்று மாஷான் மீசையைத் தடவினார்.

பொய் சொல்வானேன், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவரைப் பற்றி மனசில் திட்டியதையெல்லாம் நினைத்து, நல்ல தொடையாகப் பார்த்து இறக்கி மெல்லிசாகச் சீவி வைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு விஷயம் எனக்கு உறைக்கவில்லை. எங்கள் நாய் முன் சக்கரத்தையே சுற்றிச் சுற்றி வந்து நக்கிக்கொண்டிருந்தது. வுக்கோட்டா ஒரு தடவை கூடச் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் சீஸை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"நானும் வர்றேன்."

ஈஸ்டருக்குப் பிறகு அவர் கோட்டோர் பக்கமே வந்ததில்லை. "எதுக்கு?" என்றேன்.

"தார்ப்பாய் வாங்கணும்."

வரட்டும் என்று விட்டேன். வழியில் மாஷான் அவர் வீட்டு வாசலில் கையைக் காட்டினார். பல் டாக்டரிடம் போக வேண்டுமாம். பின் சீட்டில் தட்டு மாதிரி வட்டமாகக் கட்டின சீஸ்களுக்கு நடுவே நெருக்கி உட்கார்ந்தார். ஊரைத் தாண்டி மேடேறுகிற வரைக்கும் பேச்சு ஓயவில்லை.

"கேளு வுக்கோட்டா, என்ன அமைதி. தேவாலயத்துல உக்காந்த மாதிரி இருக்கு. அந்த ட்ரிப்போவைக் கூப்பிட்டு ஒரு நாள் உக்கார வைக்கணும் இதுல."

முன் சீட்டில் வுக்கோட்டா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் கதவுப் பிடியைப் பிடித்திருந்தார்.

மேட்டின் உச்சியைத் தாண்டினால் கடல் தெரியும். இறக்கம் அங்கே ஆரம்பம். முதல் வளைவுக்கு எப்போதும் மிதிக்கிற இடத்தில் மிதித்தேன். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தது. கார் மட்டும் கேட்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் வளைவின் கடைசியில்தான் கொஞ்சம் அடங்கியது. இரண்டாவது கியருக்கு இறக்கினேன். அடுத்த வளைவு வந்தது. இரண்டு காலாலும் ஏறி மிதித்தேன்.

அப்போதுதான் வாசனை வந்தது.

"யாரோ தொடை வறுக்கறாங்க," என்றார் மாஷான் பின்னாலிருந்து, மூக்கை இழுத்துக்கொண்டு. "நல்லாப் புகை ஏறின தொடை. காலங்காத்தாலயே, பாரேன்."

முன் சக்கரத்திலிருந்து புகை கிளம்பி ஜன்னலுக்கு வந்தது. கார் வேகமெடுத்தது. முதல் கியருக்குத் தள்ளினேன், எஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுத்தால் சுற்றிவிடும், கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். என் கைமேல் இன்னொரு கை வந்து விழுந்து சேர்ந்து இழுத்தது, வுக்கோட்டாவின் கை. ஸ்டியரிங்கைப் பாறைப் பக்கம் ஒடித்தேன். மட்கார்டு பாறையில் கிழிந்துகொண்டே போனது. சீஸ் தட்டுகள் எல்லாம் மாஷான் பிடரியில் விழுந்தன. வளைவுக்குச் சற்று முன்னால் கார் நின்றது. நேரே பார்த்தால் சுவரும் அதற்கு மேல் கடலும்தான்.

ஒரு சீஸ் தட்டு உருண்டு என் தோளில் வந்து இடித்துக்கொண்டிருந்தது. பிறகு மாஷான் தொண்டையைச் செருமினார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது:

"குமா, வேகமா வந்துட்ட."

நான் இறங்கினேன். குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். பேட் கவ்வுகிற டிஸ்க்கில் கொழுப்பு உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். இருபது வருஷமாக அந்த வாசனையில் எழுந்து அந்த வாசனையில் படுக்கிறேன், எனக்குத் தெரியாதா?

"இது என்ன கும்?"

"தோல்," என்றார் மாஷான். "தொடையோட தோல். லேசாத்தான் தேய்ச்சேன். ரம்பத்துக்குத் தேய்க்கறதில்லையா, கதவுக் கீலுக்குத் தேய்க்கறதில்லையா? சத்தம் நின்னுச்சா இல்லையா?"

"சத்தம் நின்னுச்சு. காரு நிக்கல."

"பொம்பளைங்க பதறிடுவீங்க. ஆம்பளை ஓட்டியிருந்தா இது ஒண்ணுமே இல்ல."

நான் வுக்கோட்டாவைப் பார்த்தேன். அவர் தன் ஷூவைப் பார்த்தார். என் கல்யாணத்தன்றைக்குக் கூட அந்த ஆளை அவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டேன்.

மாஷான் சட்டையில் ஒட்டிய சீஸைத் தட்டிவிட்டார். ரோட்டை மேலும் கீழும் பார்த்தார். எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறார். "சரி, இங்கேயே நின்னா நல்லா இருக்காது," என்றார். "ட்ரிப்போ வந்து கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போனான்னா ரெண்டு ஊரும் சிரிக்கும். குமா, நீ மெதுவா நடந்து வா. நானும் வுக்கோட்டாவும் முதல் கியர்ல, ஹேண்ட் பிரேக் போட்டுக்கிட்டு இறக்கிடறோம். கொழுப்புதானே, எரிஞ்சு போயிடும். சாவியைக் கொடு."

கையை நீட்டினார். பதறக்கூட இல்லை அவருக்கு. உப்பைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

வுக்கோட்டா நடந்து போய் கார்க் கதவின் மேல் கையை வைத்தார். ஏறப் போகிறார். அந்த வளைவுகள் அத்தனையும் இன்னும் கீழே கிடக்கின்றன, இந்த மனுஷன் ஏறப் போகிறார், கும் கேட்டுவிட்டாரே என்பதற்காக.

நான் மாஷானிடம் சாவியைக் கொடுக்கவில்லை. வுக்கோட்டாவின் கையைப் பிரித்து அதில் வைத்தேன்.

"நீங்களே கொடுங்க," என்றேன். "உங்க கும்தானே. நான் குறுக்க நிக்கல. கொடுத்துட்டு ஏறி உக்காருங்க. நான் நடந்து வர்றேன். வழியில எங்கேயாவது உங்களைப் பொறுக்கிக்கறேன்."

அவர் சாவியைப் பார்த்தார். மாஷானின் நீட்டிய கையைப் பார்த்தார். ஒரு பஸ் மேலேயிருந்து வந்து, எங்களைச் சுற்றி ஒதுங்கி, கடந்து போனது. ஜன்னல்களில் ஒரே கேமரா. பஸ் போன பிறகும் அவர் அப்படியே நின்றார். பிறகு சாவியைத் தன் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இல்ல, கும்," என்றார்.

மாஷான் காத்திருந்தார். எங்கள் பக்கத்தில் 'இல்லை'க்குப் பிறகு ஏதாவது வரும். இல்லை, ஆனாலும். இல்லை, அதுக்குச் சொல்லல. வுக்கோட்டா உதட்டை நனைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. அதை என்ன செய்வதென்று அந்தக் கைக்காரருக்கே தெரியவில்லை. கடைசியில் அந்தக் கையால் மீசையைத் துடைத்துக்கொண்டு, மேட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தார். பல் டாக்டர் ஞாபகமே இல்லை.

வுக்கோட்டாதான் ட்ரிப்போவுக்குப் போன் செய்தார். "வந்து எடுத்துக்கிட்டுப் போ. ஆமா, நான்தான் சொல்றேன். கழட்டு," என்றார். பிறகு இரண்டு பேரும் கல் சுவரில் உட்கார்ந்தோம்.

"நீங்க எதுக்கு இன்னைக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். "தார்ப்பாய் பரண்ல புதுசாவே கிடக்கு."

அவர் சுவரில் ஒட்டிய பாசியை நகத்தால் சுரண்டினார்.

"உங்களைத்தான்."

"அவர் தோலைத் தேய்க்கும்போது நான்தான் டிஸ்க்கைச் சுத்திக் கொடுத்தேன்," என்றார். "எனக்கு மனசே சரியில்ல ரொசாண்டா. தப்புன்னு பட்டுச்சு. ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. கும்கிட்ட எப்படிச் சொல்றது?"

"அதனால?"

"அதனாலதான் கூட வந்தேன்."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகையா ஆத்திரமா என்று எனக்கே தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவை கூட அவரை நீ, வா என்று பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"யோவ், கும்கிட்ட வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல உனக்கு முடியல. சாகறதுக்கு மட்டும் சட்டை மாத்திக்கிட்டுப் பக்கத்துல வந்து உக்கார முடிஞ்சுதா? என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்திருந்தா நேடாவை யாருய்யா பார்த்துப்பாங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"கும் பார்த்துப்பார்," என்றார்.

அடித்தேன். முதுகில், தோளில், சீஸ் மூடுகிற துணியால், பிறகு கையால். கை வலிக்கிற வரைக்கும் அடித்தேன். அவர் தடுக்கவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு கையால் என் இடுப்பை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ட்ரிப்போவுக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. பட்டறையில் சக்கரத்தைக் கழற்றி, பேட்டை மூக்குக்கு நேரே பிடித்து, "அக்கா, இதுக்கு ரொட்டி மட்டும்தான் குறைச்சல்," என்றான். பிறகு முகம் மாறியது. கொழுப்பு பேட்டுக்குள் ஊறிப்போய்விட்டதாம், துடைத்தால் போகாது. குப்பையில் போட்டான். பெட்டி கிழிந்து ஒதுக்கிப் போட்டிருந்த புது ஜோடி ஒன்று அவனிடம் கிடந்தது. அதற்கு கிளிப் இல்லை என்று தலையைச் சொறிந்தான். நான் டாஷ்போர்டு டப்பாவைத் திறந்து அந்தப் பையை எடுத்துக் கொடுத்தேன்.

"இதை ஏன் மாட்டல?"

நான் வாயைத் திறக்கவில்லை. வுக்கோட்டா சொல்லட்டும் என்று இருந்தேன்.

"ஜெர்மன்காரனுக்குன்னு நினைச்சுட்டோம்," என்றார் அவர்.

ட்ரிப்போ துருவைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து எடுத்தான். கிளிப்பை அமுக்கி உட்கார வைத்தான். பேட் விரலாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. சுத்தியல் எங்கே என்று நான் தேடினேன், அவன் எடுக்கவே இல்லை. பேட்டின் முதுகிலும் ஓரத்திலும் அந்தப் பொட்டலத்து கிரீஸைத் துளித் துளியாக வைத்தான். "முதுகுல வைக்கலாம். முகத்துல வச்சா சங்கு," என்றான், வுக்கோட்டாவைப் பார்த்து. டிஸ்க்கைக் கழுவித் துடைத்தான். கடலோர ரோட்டில் கூட்டிக்கொண்டு போய், வேகமெடுத்து மெதுவாகப் பிடி, மறுபடி வேகமெடுத்து மெதுவாகப் பிடி என்று என்னையே ஓட்ட வைத்தான். பேட்டும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழக வேண்டுமாம். பழகுவது என்றால் இதுதான். செர்ரி தீருகிற வரைக்கும் காத்திருப்பது இல்லை.

சாயங்காலம் ஏறி வந்தோம். மேட்டைத் தாண்டி ஊருக்குள் இறங்குகிற சரிவில் வேண்டுமென்றே இரண்டு தடவை மிதித்தேன். நின்றது, போனது, நின்றது. ஒரு முனகல் இல்லை. மாஷான் தன் வீட்டு வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நிறுத்துகிற வரைக்கும் அவருக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"வந்த சத்தமே கேக்கலையே," என்றார். காலையில் நடந்தது எதுவுமே நடக்காத மாதிரி.

நான் கண்ணாடியை ஏற்றப் போனேன். வுக்கோட்டா என் பக்கமாகச் சாய்ந்து ஜன்னல் வழியாகச் சொன்னார். "ஜெர்மன்காரனோடதை மாட்டிட்டோம், கும்."

மாஷான் கையிலிருந்த விறகைப் பார்த்தார். பிறகு அதை அடுக்கில் வைத்தார். நாங்கள் வீட்டுக்கு வந்தோம்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசலுக்கு வரவில்லை. ஊர் என்னைத்தான் சொல்கிறது. சொல்லட்டும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு காவல் புனிதர் உண்டு; இலையுதிர்காலத்தில் மாஷான் வீட்டுப் புனிதர் திருநாள் வரும். அன்றைக்கு யாரையும் கூப்பிட மாட்டார்கள், யாரும் போகாமலும் இருக்க மாட்டார்கள். கும் வீட்டுக்குக் கும் போகாமல் இருப்பதாவது. வுக்கோட்டா இப்போதே என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, "போகணுமில்ல?" என்கிறார். போகத்தான் போகிறோம். வெறும் கையோடு போக முடியாது, இருப்பதிலேயே பெரிய தொடையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போவேன். தோலைச் சுத்தமாகச் சீவி எடுத்துவிட்டு.